கரும்புக்காரர் உழவைக் குறைச்சினம். எங்கட செம்மண்ணில குறைச்சால் வெங்காயம் வருமோ?

வசாவிளான்_தோட்டம் | செப்ரெம்பர் 22, இரவு 8.40

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

யாழ்ப்பாணம் வசாவிளானில எங்கட காணி 9 பரப்பு, அரை ஏக்கருக்குச் சற்று மேல. 1990இல சண்டைக்குள்ள விட்டிட்டு ஓடினது. திரும்பக் கையில வரேக்க முழுக்கப் பற்றை. பெக்கோ பிடிச்சுத் துப்பரவாக்கேக்க கீழ கிடந்த மண்ணைப் பாத்து அப்பா அழாத குறை. செம்மண்தான், ஆனா மேல ஒரு சாணுக்குக் கறுப்புக் கலந்த சிவப்பு. அள்ளினால் குருணி குருணியா உதிரும், மண்புழுவும் கையோட வரும். முதல் போகம் வெங்காயம் வைச்சம், பசளை பாதிதான் போட்டது. அப்பிடி ஒரு விளைச்சலை அதுக்குப் பிறகு நான் காணேல்லை.

இப்ப 7ஆவது வருசம். வருசத்துக்கு 3 பயிர், ஒவ்வொண்டுக்கும் ரொட்டவேற்றர் (சுழல்கத்தி உழவு) ரண்டு தரம். மண் இப்ப அரிச்ச மா மாதிரி. மழை விட்டு வெயில் எறிச்சால் மேல பொருக்குப் பிடிக்குது. இறைச்ச தண்ணி பாத்தியில நிண்டு யோசிச்சுத்தான் இறங்குது. பசளைச் செலவு மட்டும் ஏறிக்கொண்டு போகுது.

பக்கத்துக் காணிக்காரர் லண்டனில. அது இன்னும் பற்றைதான். போன கிழமை அதில ஒரு மண்கட்டியும் எங்கட தோட்டத்தில ஒரு கட்டியும் எடுத்து, நல்லாக் காயவிட்டு, ரண்டு கிளாஸ் தண்ணிக்குள்ள போட்டன். எங்கட கட்டி ரண்டு நிமிசத்தில கரைஞ்சு கூழ். பற்றைக் கட்டி அடுத்த நாள் காலமையும் கட்டியாவே இருந்தது. ஒரே மண், நடுவில ஒரு கம்பி வேலி மட்டும்தான்.

அம்பாறைப் பக்கம் கரும்பு செய்யிற சிநேகிதர் ஒராள் சொல்லுறார், கரும்புக் காணியளும் இப்பிடித்தான் களைச்சுப்போய், உழவைக் குறைச்சு நடுவில அவரையினம் போட்டுத்தான் திரும்ப எடுத்தவையாம். எங்கட பக்கம் ஆராவது செய்து பாத்தனீங்களோ? ஐப்பசி மழைக்குப் பசுந்தாள் பசளையாச் சணல் விதைக்க யோசிக்கிறன். ஆனா வெங்காயத்துக்கு உழாமல் என்னெண்டு பாத்தி கட்டிறது?

---

பழைய_மண்வெட்டி | செப்ரெம்பர் 22, இரவு 9.15

தம்பி, கரும்பையும் வெங்காயத்தையும் ஒரு தராசில வைக்காதையும். கரும்பு ஒருக்கா நட்டால் வெட்ட வெட்டத் தளைக்கும். வெங்காயத்துக்கு ஒவ்வொரு போகமும் பாத்தி கட்டவேணும். உழாமல் செய்யிறதெண்டால் சட்டிக்குள்ள வைச்சுச் சமைச்சுச் சாப்பிடும்.

மண் ஏன் களைச்சதெண்டு நான் சொல்லுறன். முந்தி வீடு வளவு எல்லாம் வேலி. பூவரசு, கிளுவை, முள்முருக்கு, பிறகு கிளிசரியா. வருசத்தில ரண்டு தரம் குழை வெட்டித் தோட்டத்து மண்ணுக்குள்ள புதைக்கிறது. வேலி அடைச்ச ஓலை உக்கினால் அதுவும் தோட்டத்துக்கு, கூரை மேஞ்ச பனையோலையும் தோட்டத்துக்கு. இராவில ஆட்டுப்பட்டி, மாட்டுப்பட்டி அடைக்கிறது. இப்ப எல்லாரும் மதில் கட்டிப்போட்டியள். மதிலில எங்க குழை வெட்டுவியள்?

---

ஏழாலை_அக்கா | செப்ரெம்பர் 23, காலை 6.05

ஐயா சொன்ன மதில் கதை நூத்துக்கு நூறு சரி. எங்கட வீட்டு மதிலுக்கு நானும் காசு குடுத்தனான், என்ன செய்யிறது.

தம்பி, சணல் நான் 5 வருசமாப் போடுறன். முதல் வருசம் செய்த மடைவேலையைச் சொல்லுறன், நீங்களாவது தப்புங்கோ. 45, 50 நாளில பூக்கத் தொடங்கேக்க மண்ணுக்குள்ள மடக்கவேணும். அந்த நேரம் ஒரு கலியாணப் படக்காரர் வந்து, "அக்கா, மஞ்சள் பூ இன்னும் கொஞ்சம் விரியட்டும், ஒரு சோடியைக் கூட்டிக்கொண்டு வாறன்" எண்டார். ஒண்டு வந்து, பிறகு நாலு வந்து, மூண்டு கிழமை போட்டுது. தண்டு எல்லாம் நாரா முறுகி, ரொட்டவேற்றர் கத்தியில சுத்தி, இயந்திரக்காரப் பொடியன் இருந்து இருந்து அறுத்தவன். மண்ணுக்குள்ள போன தண்டு பங்குனி வரைக்கும் உக்கேல்லை. அந்த முறை வெங்காயம் மஞ்சளிச்சு, நான் யூரியா வாங்க ஓடினதுதான் மிச்சம்.

விதை ஏக்கருக்கு 10இல இருந்து 15 கிலோ. பரப்புக்கு ஒரு கிலோவுக்கு உள்ள முடியும். அடர்த்தியா விதைச்சால் தண்டு மெல்லிசா வரும், களையும் எழும்பாது. கட்டாக்காலி மாடு மட்டும் கவனம். ஒரே இராவில மொட்டை.

---

கல்லோயா_கரும்பு | செப்ரெம்பர் 23, பகல் 12.30

மேல சொன்ன சிநேகிதர் நான்தான். கூப்பிட்டதால வந்தேன்.

மண்வெட்டி ஐயா கேட்டது சரியான கேள்வி. கரும்பு ஒருமுறை நட்டால், வெட்டின அடியிலிருந்து தளைக்கிற மறுதாம்பு, மறுதாம்பு என்று சில வருசம் உழவே இல்லாமல் போகும். அப்படியிருந்தும் மண் கெட்டது, ஏன்? அவுஸ்திரேலியாவில, குயின்ஸ்லாந்துப் பக்கம், இதைத்தான் 1993இல் தொடங்கி வருசக்கணக்காக ஆராய்ந்தார்கள். நல்ல இனம் வருது, பசளை போடுறாங்க, விளைச்சல் மட்டும் நகரவில்லை. ஒரே கிருமி, ஒரே புழு என்று தேடிப் பார்த்து, கடைசியில் 3 காரணத்தை ஒன்றாகப் பிடித்தார்கள். ஓய்வே இல்லாமல் கரும்புக்குப் பின் கரும்பு. நடுகைக்கு முன் திரும்பத் திரும்ப ஆழ உழவு. பாரமான இயந்திரம்.

இயந்திரக் கதை சுவாரசியம். வரிக்கு வரி 1.5 மீற்றர், அறுவடை இயந்திரத்தின் சில்லு இடைவெளி 1.8 மீற்றருக்குக் கிட்ட. இரண்டும் பொருந்தாது, சில்லு ஒவ்வொரு வெட்டிலும் பயிர் வரியிலே ஏறும். ஏறி இறுகின மண்ணை நெகிழ்த்த ஆழ உழு, உழுத மண் இன்னும் சுகமாக இறுகும், திரும்ப உழு. நாய் தன் வாலைத் துரத்தின மாதிரி.

அவர்கள் செய்தது: வரியை 1.8 மீற்றருக்கு அகட்டி, சில்லு என்றைக்கும் ஒரே தடத்தில் ஓட வைத்தார்கள். கடைசி மறுதாம்பு முடிய சோயா அல்லது நிலக்கடலை ஒரு போகம். அதை அழித்து உழாமல், கரும்பு நடும் வரியை மட்டும் கிளறி நடுகை. கரும்பின் காய்ந்த இலையான சோகையை எரிக்காமல் மேலே மூடாக்கு. கரும்புத் தொடரை இப்படி முறித்த பரிசோதனைக் காணிகளில் விளைச்சல் 20இலிருந்து 30 வீதம் கூடினது.

தமிழ்நாட்டுக் கரும்புக்காரர் வேறு மாதிரி. கரும்பு நட்ட கையோடு வரிக்கு நடுவில் சணப்பு விதைத்து, 45 நாளில் மண் அணைக்கும்போது மடக்குவார்கள். சணப்பு என்றால் உங்கள் சணல்தான்.

சோகை விசயத்தில் ஒரு எச்சரிக்கை. அது காய்ந்த சருகு, நைதரசன் மிகக் குறைவு. மண்ணுக்குள் கலந்தால் உக்க வைக்கிற நுண்ணுயிர் பயிரின் நைதரசனைப் பிடுங்கும். மேலே கிடந்தால் அந்தத் தொல்லை குறைவு. அக்காவின் முற்றின சணல் செய்ததும் இதே வேலை.

---

ஸ்காபரோக்காரன் | செப்ரெம்பர் 23, இரவு 10.50

இங்க கனடாவில சில பேர் சோளத்துக்கு உழுறதே இல்லை. மருந்து அடிச்சுக் களையைக் கருக்கிப்போட்டு நேர விதைக்கிறாங்கள். நீங்களும் அப்பிடிச் செய்யலாமே, இதுக்கு ஏன் இவ்வளவு யோசினை?

---

ஏழாலை_அக்கா | செப்ரெம்பர் 24, காலை 5.50

தம்பி, உங்க தண்ணி குழாயில வருது. இங்க தோட்டத்துக் கிணறுதான் குடிக்கிற கிணறும். கீழ சுண்ணாம்புக் கல், மேல ஊத்திறது எல்லாம் ஓடியோடிக் கிணத்துக்குத்தான். கிளைபோசேற்று எண்ட களைகொல்லியை 2015இல தடை செய்தவை, பிறகு விட்டவை, அது வேற கதை. விட்டாலும் என்ர கிணத்தடியில நான் அடிக்கமாட்டன்.

---

அறிவியல்நகர்_மாணவி | செப்ரெம்பர் 24, மாலை 4.20

விவசாயபீடத்தில் படிக்கிறேன், வீட்டில் அப்பாவும் தோட்டம்தான். அதனால் புத்தகமும் திட்டும் இரண்டும் வாங்குகிற ஆள்.

கிளாஸ் பரிசோதனையைப் பற்றி. மண் குருணைகளைப் பிடித்து வைத்திருப்பது வேரும், பூஞ்சண இழையும், அவை விடுகிற பசையும்தான். எங்கள் செம்மண்ணில் இரும்பு ஒட்சைட்டு இருப்பதால் இயல்பிலேயே ஓரளவு பிடிப்பு உண்டு. அப்படிப்பட்ட மண்ணே 2 நிமிசத்தில் கரைகிறது என்றால் அந்தப் பசை எவ்வளவு போய்விட்டது என்று யோசியுங்கள். ரொட்டவேற்றர் இழையை அறுக்கிறது, உள்ளே ஒளிந்திருந்த சேதனத்தை, அதாவது உக்கின இலைதழைச் சத்தை, வெயிலுக்கும் காற்றுக்கும் காட்டுகிறது. எங்கள் வெக்கைக்கு அது கெதியாக எரிந்துபோகும். பற்றை 27, 28 வருசமாகச் சேர்த்த சேமிப்பை நீங்கள் வருசத்துக்கு 6 தரம் வங்கிக்குப் போய் எடுத்திருக்கிறீர்கள். முதல் போகத்து வெங்காயம் அந்த வட்டியில் வந்தது.

அடுத்தது, 4 அல்லது 5 அங்குலத்தில் ஒரு இறுகின தட்டு இருக்கும். கத்தி ஒவ்வொரு முறையும் அதே ஆழத்தில் அடித்து மெழுகுவதால் வருவது. மழைக்கு அடுத்த நாள் ஒரு மெல்லிய இரும்புக் கம்பியைக் குத்திப் பாருங்கள். கை தானாகச் சொல்லும்.

இனிச் சணல். அக்கா கோபிக்கக்கூடாது. இளம் சணலை ரொட்டவேற்றரால் அடித்துக் கலக்கினால் பசளை கிடைக்கும், மண் கிடைக்காது. இலை 2, 3 கிழமையில் உக்கி நைதரசனாகிவிடும், நீண்ட நாள் தங்குகிற சேதனம் அதில் கொஞ்சம்தான். மண்ணைக் கட்டுவது வேரும் தண்டும். அதையும் உழவு திரும்பக் கலைத்தால் ஒரு கையால் போட்டு மறு கையால் எடுக்கிற கணக்கு. ஆனால் சணலுக்கு இன்னொரு நன்மை உண்டு. வேர்முடிச்சு நூற்புழுவுக்கு அது பிடிக்காத பயிர். கத்தரி, தக்காளி செய்கிற காணிக்கு அதுவே பெரிய லாபம்.

அக்கா கிணற்றைச் சொன்னதால் ஒரு கணக்கு. எங்கள் வலிகாமப் பகுதியில் பல கிணறுகளில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்கிற உலக சுகாதார நிறுவன அளவைத் தாண்டியிருக்கிறது. சரியாக 50 என்றே வைப்போம். அதில் நைதரசன் 11 மில்லிகிராமுக்குச் சற்று மேல். ஒரு போகத்துக்கு 500 மில்லிமீற்றர் இறைத்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ 23 கிலோ நைதரசன் தண்ணீரோடு வருகிறது. அது ஒரு 50 கிலோ யூரியா மூட்டை! கிணற்றுக்குள் மூட்டை கிடக்க நாங்கள் கடைக்குப் போய் இன்னொரு மூட்டை வாங்குகிறோம். அதன் மிச்சம் திரும்பக் கிணற்றுக்கே போகிறது. மாரியில் வெறும் காணியாக விடாமல் ஏதாவது ஒரு பயிரின் வேர் மண்ணில் இருந்தால் அந்தக் கசிவைக் கொஞ்சமாவது பிடிக்கும். சணலோடு குரக்கனையும் கலந்து விதைத்தால் இன்னும் நல்லது. அவரையினம் சோம்பல், தானியம்தான் மண்ணிலுள்ள நைதரசனை ஆவலோடு உறிஞ்சும்.

---

லாண்ட்மாஸ்டர் | செப்ரெம்பர் 24, இரவு 9.30

எல்லாரும் ரொட்டவேற்றரைப் பேசுறியள், அதைப் பிடிச்சுக்கொண்டு பின்னால நடக்கிறவன் நான். ஒரு வார்த்தை சொல்லலாமோ?

நான் ஒருக்கா அடிச்சிட்டு நிப்பாட்டினால், "என்ன தம்பி, கட்டி கட்டியாக் கிடக்கு, மா மாதிரி அடிச்சுத் தாரும், காசு தாறம்தானே" எண்டு கேக்கிறது ஆர்? நீங்கள்தான். மா மாதிரி வேணுமெண்டால் முதலாம் கியரில ஊரவேணும். இயந்திரம் மெல்லப் போகும், கத்தி அதே வேகத்தில சுத்தும், ஒரே இடத்தில கனதரம் வெட்டும். ரண்டாம் கியரில ஒருக்காப் போனால் கட்டி பெரிசா விழும், டீசலும் மிச்சம், மண்ணும் தப்பும். ஆனா அப்பிடி அடிச்சால் அடுத்த முறை என்னைக் கூப்பிடமாட்டியள்.

கோரை இருக்கிற காணியில ரொட்டவேற்றர் போடச் சொல்லுறவையையும் நான் கண்டிருக்கிறன். ஒரு கிழங்கைப் பத்தா வெட்டிக் காணி முழுக்க விதைச்சுக் குடுக்கிறன். அதுக்கும் எனக்குக் கூலி.

---

பழைய_மண்வெட்டி | செப்ரெம்பர் 25, காலை 7.00

லாண்ட்மாஸ்டர் தம்பி, நீர் நேர்மையான ஆள். உம்மைப் போல பத்துப் பேர் வேணும்.

பிள்ளை சொன்ன கணக்கை ரண்டு தரம் வாசிச்சன். 2021இல அரசாங்கம் இரசாயனப் பசளையை நிப்பாட்டினதே, அப்ப ஊரே தலையில கை வைச்சது. எனக்கும் உருளைக்கிழங்கு படுத்திட்டுது. ஆனா கிணத்தடி 2 பரப்பில வெங்காய விளைச்சல் பெரிசாக் குறையேல்லை. அப்ப நான் நினைச்சது பழைய மாட்டெருவின்ர பலன் எண்டு. கிணத்துத் தண்ணியாவும் இருக்கலாம் போல.

எண்டாலும் என்ர கேள்வி நிக்குது. வெங்காயத்துக்குப் பாத்தி?

---

கல்லோயா_கரும்பு | செப்ரெம்பர் 25, காலை 9.10

ஐயா, கரும்புக்காரரும் முழுக்க உழாமல் விடவில்லை. நடும் வரியை மட்டும் கிளறினார்கள், மிச்சத்தைத் தொடவில்லை. எல்லாக் காணியையும் எல்லாப் போகமும் புரட்ட வேண்டாம் என்பதுதான் பேச்சு. வெங்காய வேர் எவ்வளவு ஆழம் போகும்?

---

பழைய_மண்வெட்டி | செப்ரெம்பர் 25, காலை 9.40

அரைச் சாண். மிஞ்சிப்போனால் ஒரு சாண். மேல 3 அங்குலம் நொய்மையா இருந்தால் குமிழ் பெருக்கும்.

ம். விளங்குது எங்க வாறீர் எண்டு.

---

ஏழாலை_அக்கா | செப்ரெம்பர் 25, இரவு 8.00

பிள்ளையில எனக்கென்ன கோபம். நான் இவ்வளவு நாளும் சணலை மண்ணுக்குச் சாப்பாடு எண்டு நினைச்சன், அது பயிருக்குத்தான் சாப்பாடு எண்டு இப்ப விளங்குது. ஆனா ஒண்டு. மேல் மண்ணைக் கையால கொத்த ஆள் வேணும். கூலிக்கு ஆள் பிடிக்கிறது பொன் பிடிக்கிற மாதிரி. வெங்காயம் நடவே ஆள் இல்லாமல் நான் படுற பாடு இருக்கே. உழவைக் குறைக்கச் சொல்லுறவை அந்தக் கூலிக்கும் ஒரு வழி சொல்லவேணும். அதைவிட, கத்தரி, மிளகாய், பூசணிக்கு உழவே தேவையில்லை. சணலை வெட்டி அதிலயே படுக்கப்போட்டு, குழி கிண்டி நடலாம். முதல் அதில தொடங்குங்கோ.

---

வசாவிளான்_தோட்டம் | செப்ரெம்பர் 26, இரவு 9.00

கம்பி குத்திப் பாத்தன். நேற்றுக் கொஞ்சம் மழை. எங்கட தோட்டத்தில நாலரை அங்குலத்தில சிமெந்து மாதிரி நிண்டுது. 10 இடத்தில 8 இடம் அப்பிடி. பற்றைக் காணியில கல்லில முட்டுமட்டும் போகுது.

செய்யப்போறது இதுதான். 9 பரப்பிலயும் ஐப்பசி முதல் கிழமை சணலும் குரக்கனும். பிறகு 3 பரப்பு வழமை மாதிரி ரொட்டவேற்றர், வெங்காயம். 3 பரப்பு வெட்டிப் படுக்கப்போட்டு, ஒதுக்கி, மேல் 3 அங்குலம் மட்டும் கொத்தி வெங்காயம். 3 பரப்பு உழவே இல்லை, கத்தரி. அப்பாவுக்கு இன்னும் முழுசாச் சொல்லேல்லை.

---

வசாவிளான்_தோட்டம் | பெப்ரவரி 18, இரவு 8.15

மறக்கேல்லை, வேலை முடியேல்லை.

சணல் நல்லா வந்தது. 52ஆவது நாள் வெட்டினது. மழை விடாமல் பெய்ததால ரொட்டவேற்றர் துண்டுக்கு இயந்திரம் இறக்க இன்னும் 12 நாள் காத்திருந்தம். மற்றத் துண்டுகளில கையால வெட்டினபடியால் பிரச்சினை இல்லை.

வெங்காயம்: கொத்தின துண்டுக்கு 3 பேருக்கு ரண்டு நாள் மேலதிக வேலை. பாத்தி பாக்க வடிவில்லை, போறவாற ஆக்கள் எல்லாம் நிண்டு கேட்டவை. முதல் 3 கிழமை முளை பிந்தினது, அப்பா என்னோட கதைக்கேல்லை. ஒதுக்கின தண்டில கறையான் ஏறினதும் உண்மை. பிறகு பிடிச்சுக்கொண்டுது. கிண்டிப் பாத்ததில குமிழ் ரண்டு துண்டிலயும் ஒரே அளவுதான் தெரியுது. விளைச்சல் கூடினதெண்டு சொல்ல என்னட்ட ஒண்டும் இல்லை. ஆனா தண்ணி இறங்கிற விதம் வேற. ஒரே மோட்டர், ஒரே குழாய், கொத்தின துண்டில தண்ணி நிக்கிறதில்லை. தை மழைக்குப் பொருக்கும் பிடிக்கேல்லை.

கத்தரி: வேற கதை. மூடாக்குக்குக் கீழ களை பிடுங்கினது ஒரே ஒருக்கா. இறைப்பு 4 நாளுக்கு ஒருக்கா இருந்தது 6 நாளாப் போட்டுது. போன முறை வாடிச் செத்த மூலையில இந்த முறை செத்தது 3 கண்டு.

கிளாஸ் பரிசோதனை திரும்பச் செய்தன். ரொட்டவேற்றர் மண் பழைய மாதிரிக் கூழ். கொத்தின மண் 10 நிமிசம் தாங்கினது. கத்தரித் துண்டு மண் அரை மணித்தியாலம் போய்த்தான் ஓரம் கரையத் தொடங்கினது. பற்றை மண்ணுக்குக் கிட்டவும் இல்லை, ஆனா ரண்டு நிமிசமும் இல்லை.

---

பழைய_மண்வெட்டி | பெப்ரவரி 18, இரவு 8.50

அப்பா இப்ப கதைக்கிறாரோ?

---

வசாவிளான்_தோட்டம் | பெப்ரவரி 18, இரவு 9.05

கத்தரிக்காய் விக்கத் தொடங்கினாப் பிறகு கதைக்கிறார்.

ஒரு செய்தி. லண்டன்காரர் வந்து நிக்கிறார். பற்றைக் காணியை வெட்டித் தோட்டம் செய்யப்போறாராம், பெக்கோவுக்கு நாளும் குறிச்சாச்சு. நல்ல ரொட்டவேற்றர்காரர் ஆரெண்டு என்னட்டத்தான் கேட்டவர்.

---

லாண்ட்மாஸ்டர் | பெப்ரவரி 18, இரவு 9.20

என்ர நம்பரைக் குடுத்தனீங்களோ?

---

வசாவிளான்_தோட்டம் | பெப்ரவரி 18, இரவு 9.22

குடுத்தன். ரண்டாம் கியர், ஒரே ஒருக்கா எண்டும் சொல்லிவிட்டன். அவர் மா மாதிரி வேணுமெண்டு கேட்டால் இயந்திரம் பழுது எண்டு சொல்லுங்கோ.